மழைக்கணக்கும் அரசின் கணக்கும்: தான்சானியாவின் உகோகோ நிலப்பகுதியில் பஞ்சமும் மேம்பாடும் ஆட்சியும்

முன்னுரை

1997ஆம் ஆண்டின் பிற்பகுதியை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்தோர் எளிதில் மறக்க மாட்டார்கள். சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை வானை மூடிற்று. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நண்பகலிலும் வாகனங்கள் விளக்கேற்றிச் சென்றன. அதே பருவத்தில் இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், தான்சானியாவின் நடுமேட்டு நிலத்தில், பல்லாண்டுகளாகக் காணாத பெருமழை பெய்தது. இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. பசிபிக்கில் தோன்றிய எல் நினோவுடன், இந்தியப் பெருங்கடலின் மேற்குப்பகுதி வெப்பமடைந்து கிழக்குப்பகுதி குளிரும் நிலையும் அவ்வாண்டில் சேர்ந்துகொண்டது. சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகத்தா ஆகிய அறிவியலாளர்கள் 1999இல் 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' எனப் பெயரிட்டு விளக்கிய நிலை அது. நமக்கு வறட்சியையும் புகையையும் தந்த அதே கடல் அவர்களுக்கு வெள்ளத்தைத் தந்தது.

இந்திய ஆய்வியல் துறையின் இதழொன்றில் கிழக்கு ஆப்பிரிக்கா இடம்பெறுமாயின், அது பெரும்பாலும் குஜராத்தி வணிகர்களைப் பற்றியதாகவோ உகாண்டா இருப்புப்பாதைத் தொழிலாளர்களைப் பற்றியதாகவோ இருப்பது வழக்கம். இக்கட்டுரை அவ்வழியில் செல்லவில்லை. டொடோமா மாநிலத்தை மையமாகக் கொண்ட உகோகோ என்னும் வறள்நிலத்தையும் அங்கு வாழும் கோகோ மக்களையும் எடுத்துக்கொண்டு, நூறாண்டுக் காலத்தில் மூன்று வெவ்வேறு ஆட்சிகள் அந்நிலத்தின் மழையை எவ்வாறு புரிந்துகொண்டன, எவ்வாறு தவறாகக் கணக்கிட்டன என்பதை ஆராய முற்படுகிறது. வளர்ச்சித் திட்டங்களின் தோல்விக்கு வறட்சியைக் காரணம் காட்டுவது எளிது. உகோகோவின் வரலாறு அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள இடந்தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

தண்ணீருக்குரியோர்

டொடோமாவில் ஆண்டுக்குச் சராசரியாக 570 மில்லிமீட்டர் அளவிலான மழை பெய்கிறது. கோலாலம்பூரில் மூன்று மாதங்களில் பெய்துவிடக்கூடிய அளவு அது. அம்மழையும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான ஒரே பருவத்தில் பெய்துவிடுகிறது; ஏனைய மாதங்களில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். எனினும் உகோகோவின் சிக்கல் இந்தச் சராசரியில் இல்லை. மழை தொடங்கிய பின் பல நாள்கள் நின்றுபோவதும், ஓர் ஊரில் பெய்த மழை பக்கத்து ஊரை எட்டாமற்போவதும், ஓராண்டுக்கும் மறு ஆண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்படுவதுமே அங்குள்ள உழவரின் அன்றாடக் கவலை.

இந்நிலைக்கேற்பவே கோகோ மக்களின் வாழ்முறை அமைந்தது. சோளமும் கம்பும் விளைவித்தனர், மாடு வளர்த்தனர். தட்டைக் கூரையுடைய தாழ்வான தெம்பே வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடந்தன. மானிடவியலாளர் பீட்டர் ரிக்பி 1969இல் வெளியிட்ட ஆய்வு, இம்மக்களின் மந்தை உறவுமுறையோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டது என்பதை எடுத்துக்காட்டுகிறது. ஒருவர் தம் மாடுகள் அனைத்தையும் ஒரே தொழுவத்தில் வைப்பதில்லை. மைத்துனர், நண்பர் எனப் பலரிடம் பல ஊர்களில் பிரித்து விடுவார். ஓரிடத்தில் மழை பொய்த்தாலும் மற்றோரிடத்தில் மந்தையின் ஒரு பகுதி பிழைக்கும். தானியம் தீர்ந்த ஆண்டில் மாட்டைக் கொடுத்துத் தானியம் பெறலாம். ஆகவே, வெளியாருக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றிய அந்தச் சிதறலே அம்மக்களின் காப்புறுதியாக இருந்தது எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் கடற்கரையிலிருந்து தாங்கனிக்கா ஏரிக்குச் சென்ற வணிகக் கூட்டங்கள் உகோகோவைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் கோகோ தலைவர்களின் கையில் இருந்தமையால் 'ஹொங்கோ' என்னும் வரியைச் செலுத்தாமல் எவரும் கடக்க இயலவில்லை. ஐரோப்பியப் பயணிகள் இவ்வரியைக் கொள்ளையெனவே எழுதினர். கிணறு தோண்டுவது எத்துணைக் கடினமான ஒரு நிலத்தில், ஆயிரக்கணக்கான சுமைகூலிகளுக்குத் தண்ணீர் வழங்குவதற்கு விலை கேட்பது கொள்ளையாகுமா என்னும் வினா அவர்களுக்கு எழவில்லை.

ம்டுன்யா

பஞ்சங்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் தமிழரிடையேயும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்கிறோம். கோகோ மக்களும் தம் பஞ்சங்களுக்குப் பெயரிட்டே காலத்தைக் கணித்தனர். அவற்றுள் கொடியது 'ம்டுன்யா'. 'பறித்துக்கொள்ளல்' எனப் பொருள்படும் இச்சொல் 1917 முதல் 1920 வரையிலான பஞ்சத்தைக் குறிக்கும். இதனை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கிரகரி மேடக்ஸ், வட்டாரத்தின் 1,50,000 மக்களுள் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர் எனக் கணித்துள்ளார். ஐவரில் ஒருவர் என்பது இதன் பொருள்.

வறட்சி உண்மைதான். ஆனால், அதற்கு முன்பே போர் வந்துவிட்டது. முதலாம் உலகப்போரின்போது ஜெர்மானியப் படை தானியத்தையும் மாட்டையும் எடுத்துக்கொண்டது. 1916இன் நடுப்பகுதியில் டொடோமாவைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படையும் அதையே செய்தது. கூடவே ஆடவர்களைச் சுமைதூக்கிகளாகப் பிடித்துச் சென்றது. விதைப்பதற்கு ஆளில்லை, விற்பதற்கு மாடில்லை, அந்நிலையில்தான் மழை பொய்த்தது. முன்னைய வறட்சிகளைத் தாங்கிய சமூகம் இதனைத் தாங்க இயலாமற்போனதற்கு மழைக்குறைவைக் காட்டிலும் தாங்கும் வழிகள் முன்னரே பறிக்கப்பட்டதே முதன்மைக் காரணம் என்பது மேடக்ஸின் முடிவு. இதற்குப் பிறகு உகோகோவினர் பலர் வெளியிடங்களுக்குக் கூலி வேலை தேடிச் செல்வோராயினர். 'பறித்துக்கொள்ளல்' என்னும் பெயரை மக்கள் எண்ணிப் பார்த்தே இட்டிருக்க வேண்டும். வானத்தின் மீது அவர்கள் பழி போடவில்லை.

நிலக்கடலைத் திட்டம்

இலண்டனில் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், முற்றிலும் வேறொரு பொருளுக்காகப் போருக்குப் பிந்திய குடியேற்ற நாட்டு ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1947 பிப்ரவரியில் வெளியான ஒரு வெள்ளையறிக்கை என் கையில் சிக்கியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இயந்திரங்களைக் கொண்டு நிலக்கடலை பயிரிடும் திட்டம் அது. எண்கள் நிறைந்த, தன்னம்பிக்கை ததும்பும் அறிக்கை. இன்று அதனைப் படிக்கையில் சிரிப்பும் வருத்தமும் ஒருசேர எழுகின்றன.

அக்காலத்துப் பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்கும் மார்ஜரினுக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. உணவுப் பங்கீடு நீடித்தது. போருக்கு முன் பெருமளவு நிலக்கடலை வழங்கிய இந்தியா, தன் மக்களின் தேவையால் ஏற்றுமதியைக் குறைத்திருந்தது. டாலர் கொடுத்து வாங்கவோ பணமில்லை. அந்நாள்களில் பிரிட்டனின் பவுண் வட்டாரத்துக்கு டாலரை ஈட்டித் தந்தவற்றுள் முதன்மையானவை மலாயாவின் இரப்பரும் ஈயமும் ஆகும். நம் பாட்டன்மார் சீவிய பால்மரமும் கொங்வாவின் நிலக்கடலையும் ஒரே நெருக்கடியின் இரு மருந்துகளாக இலண்டனில் கருதப்பட்டன என்பது நம் வாசகர் நினைவிற்கொள்ளத்தக்கது.

யூனிலிவரின் துணை நிறுவனமான ஐக்கிய ஆப்பிரிக்க நிறுவனத்தின் நிருவாக இயக்குநர் ஃபிராங்க் சாமுவேல் 1946இல் இத்திட்டத்தை முன்மொழிந்தார். தாங்கனிக்காவின் முன்னாள் வேளாண்மை இயக்குநர் ஜான் வேக்ஃபீல்டு தலைமையில் ஒரு குழு அனுப்பப்பட்டது. சில வாரங்களே நீடித்த அப்பயணத்தில் அக்குழு நிலத்தின் பெரும்பகுதியை வானூர்தியிலிருந்தே பார்த்தது. அது பரிந்துரைத்த அளவு: தலா 30,000 ஏக்கர் கொண்ட 107 பண்ணைகள், மொத்தம் 32 இலட்சத்து 10 ஆயிரம் ஏக்கர். இவற்றுள் 80 பண்ணைகள் தாங்கனிக்காவிலும் ஏனையவை வட ரொடீசியாவிலும் கென்யாவிலும் அமையவிருந்தன. மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பவுண். முதலில் தொடங்குவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் உகோகோவின் கிழக்கு விளிம்பிலுள்ள கொங்வா.

ஏன் கொங்வா? நடுவண் இருப்புப்பாதைக்கு அருகில் உள்ளது. மக்கள் அடர்த்தி மிகக் குறைவு. நிலத்தைக் கையகப்படுத்துவதில் சிக்கல் இராது. நிலம் 'காலியாக' இருந்தது என்பதைக் குழு ஒரு நற்பேறாகக் கொண்டது. மாடு வளர்ப்பதிலும் வறள்நில வேளாண்மையிலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த மக்கள், பக்கத்திலேயே இருந்துகொண்டு, அந்நிலத்தில் மட்டும் நெருங்கிக் குடியேறாமல் விட்டது ஏன் என்னும் வினாவே முதலில் எழுந்திருக்க வேண்டும். நீர் இல்லை, மழை நம்பத்தக்கதன்று. காலியாகக் கிடந்ததே ஒரு தரவு. அத்தரவைப் படிக்கத் தெரிந்தவர் குழுவில் இல்லை. தெரிந்தவரைக் கேட்கவும் இல்லை.

1947இன் தொடக்கத்தில் பணி தொடங்கியது. புதிய டிராக்டர்கள் கிடைக்கவில்லை; போர் முடிந்தபின் பிலிப்பீன்சிலும் பிறவிடங்களிலும் இராணுவம் விட்டுச்சென்ற பழைய வண்டிகள் வாங்கிக் கப்பலேற்றப்பட்டன. பின்னர், ஷெர்மன் பீரங்கி வண்டிகளை விக்கர்ஸ் நிறுவனம் டிராக்டர்களாக மாற்றி அனுப்பியது. 'ஷெர்விக்' என்பது அவற்றின் பெயர். டார் எஸ் சலாம் துறைமுகம் இப்பளுவைத் தாங்கவில்லை. முட்புதர்க் காட்டின் வேர்கள் பெயர்ந்து வர மறுத்தன. இரு டிராக்டர்களுக்கிடையே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களைச் சாய்க்கும் முறையும் கையாளப்பட்டது. முதலாண்டின் இலக்கு 1,50,000 ஏக்கர். உண்மையில் விதைக்கப்பட்டது ஏறத்தாழ 7,500 ஏக்கர்.

அதற்குப் பிறகு மண் தன் இயல்பைக் காட்டியது. நிலக்கடலையின் தன்மை தமிழ் உழவருக்குத் தெரியாததன்று. தென்னார்க்காட்டு மல்லாக்கொட்டை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே புதுச்சேரி வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. பூ மண்ணுக்கு மேலே பூக்கும். கருவுற்றபின் அதன் காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்துச் சென்று, அங்கே காய் பிடிக்கும். ஆகவே மண் இளக்கமாக இருத்தல் வேண்டும். பிடுங்கும்போதும் இளக்கமாகவே இருத்தல் வேண்டும். கொங்வாவின் மண்ணில் களி மிகுதி. மழை நின்றதும் அது செங்கல்லைப்போல இறுகிப்போயிற்று. காயை மண்ணிலிருந்து எடுக்க இயலவில்லை. மண்ணிலிருந்த குவார்ட்சுத் துகள்கள் கலப்பைக் கொழுக்களை விரைவிலேயே தேய்த்தன. 1949இல் வறட்சி வந்தது. நிலக்கடலையோடு மாற்றாக நட்ட சூரியகாந்தியும் பயன்தரவில்லை.

1948இல் பொறுப்பு, புதிதாக அமைக்கப்பட்ட கடல்கடந்த உணவுக் கழகத்துக்கு மாற்றப்பட்டது. உணவு அமைச்சர் ஜான் ஸ்ட்ரேச்சி நாடாளுமன்றத்தில் திட்டத்தைத் தொடர்ந்து ஆதரித்துப் பேசினார். களத்தில் இருந்தோர் தம் ஐயங்களை வெளியிட்டபோதும், இலக்கைக் குறைப்பது அரசியல் தோல்வியாகக் கருதப்பட்டமையால் அவை மேலெழவில்லை. சோதனைப் பண்ணை ஒன்றை முதலில் நடத்திப் பார்க்கும் எண்ணம் அவசரத்தின் பெயரால் கைவிடப்பட்டது. 1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டு, 3 கோடியே 65 இலட்சம் பவுண் நட்டமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. தென்கிழக்கே நச்சிங்வேயாவுக்காக அமைத்த இருப்புப்பாதை 1960களில் பெயர்த்தெடுக்கப்பட்டது. அத்திட்டத்துக்காகக் கட்டிய மட்வாரா துறைமுகம் மட்டும் நிலைத்தது.

வரலாறு சில வேளைகளில் நகைச்சுவை உணர்வோடு நடந்துகொள்கிறது. கைவிடப்பட்ட கொங்வாவில் 1964இல் ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களின் பயிற்சி முகாம் அமைந்தது. மொசாம்பிக்கின் ஃபிரெலிமோவும் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசும் நமீபியாவின் ஸ்வாப்போவும் அங்கே தங்கின. பேரரசின் எண்ணெய்ப் பசிக்காகத் திருத்திய நிலத்தில், பேரரசு முறையின் எச்சங்களை அகற்றப் போராடியோர் பயிற்சி பெற்றனர்.

உஜமா

1961இல் விடுதலை பெற்ற நாட்டின் தலைவர் ஜூலியஸ் நியெரேரே நிலக்கடலைத் திட்டத்தின் பாடத்தை அறியாதவர் அல்லர். இயந்திரத்தையும் அயல் மூலதனத்தையும் நம்பாமல் மக்களின் உழைப்பை நம்புவது என்பதே 1967 பிப்ரவரியில் வெளியான அருஷா பிரகடனத்தின் அடிநாதம். குடும்ப உணர்வு எனப் பொருள்படும் 'உஜமா' கிராமங்களில் மக்கள் தாமாகவே கூடி வாழவேண்டும்; வற்புறுத்தல் கூடாது என்று அவர் எழுதியும் பேசியும் வந்தார். தெற்கே ருவுமாவில் அவ்வாறு தாமாகவே உருவான கூட்டுறவுக் கிராமங்களின் சங்கம் ஒன்றும் இருந்தது. 1969இல் அரசு அச்சங்கத்தைக் கலைத்தது. தாமாகவே இயங்கிய கிராமங்கள் கட்சியின் மேலாண்மைக்குள் அடங்கவில்லை என்பதைத் தவிர வேறு ஏற்கத்தக்க காரணம் எனக்குத் தென்படவில்லை. தான்சானியாவின் பிற்கால வரலாற்றில் இதனை ஒரு திருப்புமுனையாகக் கருதுகிறேன்.

உகோகோவில் 1970–71இல் 'டொடோமா நடவடிக்கை' நிகழ்ந்தது. வறட்சிக் காலம் அது. சிதறி வாழ்ந்த மக்களைப் பெருங்கிராமங்களில் குடியேற்ற அரசு முனைந்தது. உணவு உதவி, குடியேற்றத்துடன் பிணைக்கப்பட்டது. பசித்திருப்பவர் கிராமத்துக்கு வந்தால் தானியம் கிடைக்கும். இதனைத் தன்விருப்பம் என்பதா வற்புறுத்தல் என்பதா என்று வரையறுப்பது கடினம். 1973 நவம்பரில் அந்தத் தயக்கமும் நீங்கியது: கிராமங்களில் வாழ்வது ஆணையாக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதிக்குள் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் மக்கள் கிராமங்களில் வாழ்வதாக அரசு கணக்குக் காட்டியது. மலாயாவில் அவசரகாலத்தின்போது புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டோரின் தொகையை நினைவுகூரும் நம் வாசகர்க்கு இந்த அளவின் பருமை விளங்கும்.

விளைவுகளைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மந்தையைப் பிரித்து வைக்கும் முறையும் வயல்களைப் பல இடங்களில் வைத்துக்கொள்ளும் முறையும் பெருங்கிராமத்தில் இயலாதவை. கிராமத்தைச் சுற்றிய நிலம் மேய்ச்சலாலும் விறகு வெட்டுதலாலும் விரைவில் மொட்டையானது என்று ஹெல்கே கெக்ஷஸ் 1977இலேயே சுட்டிக்காட்டினார். 1973–75 வறட்சியோடு குடியேற்றத்தின் குழப்பமும் எண்ணெய் விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, நாடு பெருமளவு தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இத்திட்டத்தை, நேர்க்கோடுகளிலும் வரைபடங்களிலும் மயங்கிய நவீன அரசின் தவறுக்குச் சான்றாக எடுத்தாண்டார்.

ஸ்காட்டின் விளக்கம் கவர்ச்சியானது. நம் மாணவர்களும் அதனை விரும்பி மேற்கோள் காட்டுகின்றனர். எனினும் உகோகோவைப் பொறுத்தவரை அது முழுமையானதன்று என்பதே என் கருத்து. முதலாவதாக, கிணறும் பள்ளியும் மருந்தகமும் வேண்டும் என்று மக்களே கேட்டனர். சிதறிய வீடுகளுக்கு அவற்றை வழங்க இயலாது என்னும் அரசின் வாதம் வெறும் சாக்கன்று. அடுத்து, ம்டுன்யாவையும் 1974ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பெரும் வேறுபாடு தெரிகிறது. 1917இல் அரசு தானியத்தை எடுத்துச் சென்றது. 1974இல் அரசு தானியத்தைக் கொண்டுவந்தது. வறட்சி கடுமையாக இருந்தும் ஐவரில் ஒருவர் சாகும் நிலை மீளவில்லை. மக்களை அவர்தம் நிலத்திலிருந்து பெயர்த்த அதே அரசுதான் அவர்களைப் பட்டினியிலிருந்தும் காத்தது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

தவறு வேறிடத்தில் நிகழ்ந்தது என எண்ணுகிறேன். 1972இல் மாவட்ட மன்றங்கள் கலைக்கப்பட்டு, தலைநகரிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. இதற்கு 'அதிகாரப் பரவலாக்கம்' என்றே பெயரிட்டனர். 1976இல் உழவர் கூட்டுறவுச் சங்கங்களும் கலைக்கப்பட்டன. கிராமத்தின் இடம் தவறு, இங்கே தண்ணீர் நிற்காது, அங்கே மேய்ச்சல் இல்லை என்று சொல்வதற்குரிய மன்றங்கள் யாவும், அவற்றுக்கான தேவை மிகுந்திருந்த ஆண்டுகளில் இல்லாமற்போயின. மாவட்ட மன்றங்கள் 1984இல் மீண்டும் வந்தன. அடுத்த ஆண்டு நியெரேரே தாமே பதவி விலகினார். 1986இல் அனைத்துலகப் பண நிதியத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. திட்டமிடும் இடம் மட்டும் மாறிற்று.

டொடோமா மாநிலத்தின் வடபகுதியிலுள்ள கொண்டோவாவின் நிகழ்ச்சியையும் இங்கே சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். மண்ணரிப்பால் ஓடைகளாகக் கிழிந்துபோயிருந்த அப்பகுதியை மீட்கச் சுவீடனின் உதவியோடு 1973இல் ஒரு திட்டம் தொடங்கியது. 1979இல் அரிப்புக்குள்ளான நிலத்திலிருந்து கால்நடைகள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. புல் மீண்டது, சரிவுகள் பசுமையாயின. சூழலியல் நோக்கில் அது வெற்றியே. மாட்டை இழந்த குடும்பத்தின் நோக்கில் என்னவென்று ஆவணங்கள் குறைவாகவே பேசுகின்றன. பின்னர், கட்டிப்போட்டு வளர்க்கும் முறையில் மட்டுமே மாடுகள் திரும்ப அனுமதிக்கப்பட்டன.

தலைநகரின் கிணறுகள்

1973இல் ஆளுங்கட்சி, நாட்டின் தலைநகரை டார் எஸ் சலாமிலிருந்து டொடோமாவுக்கு மாற்ற முடிவு செய்தது. கடற்கரையின் குடியேற்றகால நகரை விடுத்து, நாட்டின் நடுவில், ஏழை உழவர்களின் மத்தியில் அரசு அமர வேண்டும் என்பது நோக்கம். ஆனால், அமைச்சுகள் நகரவில்லை, நாற்பதாண்டுகள் கடந்தன. 2016இல் அதிபர் ஜான் மகுஃபுலி உறுதியாக உத்தரவிட்ட பின்னரே அரசு இயந்திரம் டொடோமாவுக்குப் பெயர்ந்தது. 2018இல் அது மாநகராக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,65,000. 2024இல் டார் எஸ் சலாமிலிருந்து மின்சார இரயில் டொடோமாவை எட்டியது. கொங்வா மாவட்டத்தின் கிபைக்வா இன்று நாட்டின் பெரிய மக்காச்சோளச் சந்தைகளுள் ஒன்று. நிலக்கடலை விளையாத மாவட்டத்தில், திட்டமேதும் வகுக்காத வணிகரும் உழவரும் சேர்ந்து அதனை வளர்த்தனர்.

இம்மாநகர் குடிப்பது பெரும்பாலும் மகுட்டுபோரா படுகையின் நிலத்தடி நீரையே. இப்படுகையின் நீர்மட்டம் 1950களிலிருந்து அளக்கப்பட்டு வந்துள்ளது. வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் இத்தகைய நீண்ட பதிவு அரிது. 55 ஆண்டுப் பதிவை ஆராய்ந்து ரிச்சர்ட் டெய்லரும் அவர்தம் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. ஆண்டுதோறும் பெய்யும் சராசரி மழையால் அந்நிலத்தடி நீர் நிரம்புவதில்லை. பல ஆண்டுகள் மட்டம் இறங்கிக்கொண்டே செல்லும். எப்போதாவது வரும் பெருமழைப் பருவமே அதனை நிரப்பும். பதிவிலுள்ள மிகப்பெரிய நிரப்பு 1997–98இல், நாம் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய ஆண்டின் மழையால் நிகழ்ந்தது.

வேக்ஃபீல்டு குழு படிக்கத் தவறிய பாடம் இங்கே வேறு வடிவில் மீள்கிறது. சராசரி இந்நிலத்தில் எதையும் சொல்வதில்லை. பருவநிலை மாற்றத்தால் பெருமழைகள் மிகுமாயின், கிணறுகளுக்கு அது நன்மையாகவும் அமையலாம். ஆனால் அதே மழைதான் வயலையும் வீட்டையும் அடித்துச் செல்லும். 2023 டிசம்பரில் கொண்டோவாவுக்கு வடக்கே ஹனாங் மலைச்சரிவில் ஏற்பட்ட மண்சரிவு எண்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுசென்றது. அதுவும் எல் நினோவும் இருமுனையும் இணைந்த ஆண்டே.

1999ஆம் ஆண்டின் கிராம நிலச்சட்டம், வயதுவந்தோர் அனைவரும் அமரும் கிராமப் பேரவைக்கு நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை வழங்கியுள்ளது. பொதுநலன் கருதி அந்நிலத்தை வகைமாற்றும் அதிகாரத்தை அதே சட்டம் அதிபரிடமும் விட்டுவைத்துள்ளது. முதன்மை எதிர்க்கட்சி பங்கேற்க இயலாத நிலையில் நடைபெற்ற 2025 அக்டோபர் தேர்தலும் அதனையொட்டிய உயிரிழப்புகளும், மாற்றுக் குரலுக்கு அங்கு எஞ்சியுள்ள இடத்தைப் பற்றிய கவலையை ஆழமாக்கியுள்ளன. ருவுமாவின் சங்கம் கலைக்கப்பட்ட 1969ஐ நினையாமல் அச்செய்திகளைப் படிக்க என்னால் இயலவில்லை.

மாநகரின் தாகத்துக்கு இரு தீர்வுகள் முன்வைக்கப்பட்டுள்ளன: ஃபர்க்வாவில் ஓர் அணை; விக்டோரியா ஏரியிலிருந்து சிங்கிடா வழியாகப் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்ப்பாதை. இரண்டும் பெரும் பொருட்செலவு வேண்டுபவை. அணையின் நீர்ப்பிடிப்பில் அமையும் நிலங்களிலும் குழாய் செல்லும் வழியிலும் கிராமப் பேரவைகள் இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த ஓடையில் நீர் வந்தது, எத்தனை ஆண்டுகள் வாராதிருந்தது என்பதை அங்குள்ள முதியோர் பஞ்சங்களின் பெயரைக் கொண்டு இன்றும் கணக்குச் சொல்லக்கூடியவர்கள்.